நீளக் கை வைத்த பனியன்

என் பெட்டியின் அடியில் ஒரு பனியன் கிடக்கிறது. மஞ்சள் துணி, கழுத்தில் பச்சை ரிப் பட்டி. உடம்பு சின்னக் குழந்தைக்கு உரியது. கைகள் மட்டும் வளர்ந்த பெண்ணுக்கு ஆகும் நீளம். பார்ப்பவர்கள் அளவு தவறிப்போன சாம்பிள் என்று நினைப்பார்கள். அளவெல்லாம் சரிதான். அது ஒரு சிம்பன்சிக் குட்டிக்காக நாங்கள் தைத்தது.

பிளஸ் டூ முடித்த கையோடு தென்காசிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்தவள் நான். பனியன் கம்பெனியும் விடுதியும் ஒரே காம்பவுண்டுக்குள். வேலை விட்டால் அறை, அறையை விட்டால் வேலை. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக் கடைவீதிக்குக் கொண்டுபோய், தலையை எண்ணித் திரும்ப ஏற்றிவருவார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று ஊரில் சொல்லித்தான் அழைத்துவந்தார்கள். பாதுகாப்பாகத்தான் இருந்தோம், பரணில் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. எங்களைக் காத்தவர் வார்டனம்மா. வெள்ளகோவில்காரர், கணவரை இழந்தவர். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர்கள் விடுதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு படத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு சரணாலயத்தில் வளரும் சிம்பன்சிக் குட்டியின் படம். தாயை வேட்டைக்காரர்கள் சுட்டுவிட, யாரிடமோ மாட்டியிருந்ததை மீட்டு வந்தார்களாம். அதை வளர்க்கும் செலவை எங்கள் விடுதியின் பெயரால் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தது. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நம்மளத் தத்தெடுக்க ஆளக் காணோம், நாம கொரங்கத் தத்தெடுத்திருக்கோம்” என்று நாங்கள் சிரித்தோம்.

வார்டனம்மா சிரிக்கவில்லை. “தாயில்லாப் புள்ளயப் பாத்துச் சிரிக்காதீங்க சாமி” என்றார். தினமும் முந்தானையால் அந்தப் படத்தைத் துடைப்பார். ஆர்டர் வேலையைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சார் விடுதிப் பக்கம் தலைகாட்டினால் அவரை விடமாட்டார். “ஏனுங்க, நம்ம புள்ள எப்படி இருக்குதுங்க?” அவரும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு வந்து சொல்வார். பப்பாளி தின்கிறது, மரம் ஏறுகிறது, வளர்க்கும் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறது. கேட்கக் கேட்க எங்களுக்கும் அதன்மேல் ஒட்டுதல் வந்துவிட்டது.

அங்கே அடைமழை என்று அவர் சொன்ன ஒரு நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. “மழைல அது வெறும் ஒடம்போடவா இருக்குது? ஊரு ஒலகத்துக்கே நாம துணி தெக்கறோம். நம்ம புள்ளைக்கு ஒண்ணு இல்லீங்களா?” என்றார் வார்டனம்மா. திருப்பூரில் இருப்பவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். படத்தைப் பார்த்தே அளவு எடுத்தோம். கை முழங்காலைத் தாண்டித் தொங்குவதை வார்டனம்மாதான் காட்டினார். ஒருத்தி வெட்டினாள், ஒருத்தி ஓவர்லாக் அடித்தாள், நான் கழுத்து ஏற்றினேன், பிசிறு வெட்ட ஆளுக்கு ஆள் போட்டி. எந்த ஏற்றுமதிப் பீஸையும் அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்ததில்லை. அனுப்புவதற்கு முன்னால் மெர்ச்சண்டைசர் சார் அதைப் போட்டோ எடுத்து, அனுப்பலாமா என்று சரணாலயத்துக்கு எழுதிக் கேட்டார்.

அந்த நேரத்தில் ஊரில் அக்காவுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. எனக்கு அம்மா கிடையாது, என்னை வளர்த்ததே அக்காதான். அவள் பிள்ளை பெறும்போது பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அப்பா நேரில் வந்து கூட்டிப்போனால் ஒழிய வெளியே விடமாட்டார்கள். அப்பாவோ கேரளத்தில் ரப்பர் தோட்ட வேலையில் மாட்டிக் கிடந்தார்.

சரணாலயத்திலிருந்து பதில் வந்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் நின்று மெர்ச்சண்டைசர் சார் சங்கடத்தோடு சொன்னார். அன்புக்கு நன்றியாம், பனியன் வேண்டாமாம். குட்டியைப் பிடித்து வைத்திருந்தவன் அதற்குச் சட்டை மாட்டி, ஓட்டல் வாசலில் சங்கிலியில் கட்டி வேடிக்கை காட்டியிருக்கிறான். மீட்டதும் முதலில் அந்தச் சட்டையைத்தான் வெட்டி எடுத்தார்களாம். இன்றும் துணியைக் கிட்டே கொண்டுபோனால் அலறுகிறதாம். இரவு மட்டும்தான் கூண்டு, விடிந்தால் கதவைத் திறந்து காட்டுக்குள் விட்டுவிடுகிறார்கள், கவலைப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்களாம்.

“அதுக்காவது காலைல கதவத் தொறந்து விடுதாவ” என்றாள் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. வார்டனம்மா பனியனை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். “நாம என்னத்தக் கண்டோம் சாமி” என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. “கொரங்குக்கு இவ்வளவு பாவம் பாக்கீங்களே, எனக்கு அந்தக் கேட்டத் தொறந்து விடக் கூடாதா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. இடுப்பிலிருந்த கொத்தை உருவி என் கையில் கொடுத்தார். “இதுல கேட்டுச் சாவி எதுன்னு நீயே பாரு கண்ணு.”

அரிசி அறை, மருந்து அலமாரி, துணி பீரோ, மோட்டார் ரூம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கேட்டுச் சாவி இல்லை. அது வெளியே வாட்ச்மேனிடம் இருந்தது. “என்ற பொண்ணு வளைகாப்புக்கே நான் போகுல. எனக்கும் லீவு வேணும்னா ஆபீஸ்லதான் கேக்கோணும்” என்றார். அவரை நான் வெறுத்திருந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அக்காவின் மகளை அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் நான் பார்த்தேன்.

ஒப்பந்தம் பேசிய வேலைக்காலம் முடிந்து நான் கிளம்பிய அன்று வார்டனம்மா பனியனைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். “எடுத்துட்டுப் போ கண்ணு. இங்க கெடந்தா மெசின் தொடைக்கப் போட்டுருவாங்க.” வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். வார்டனம்மா கேட்டுக்கு உள்ளேயே நின்று கையாட்டினார்.

இப்போது நான் திருப்பூர் பக்கம் அவிநாசிபாளையத்தில் குடியிருக்கிறேன். இங்கேயே ஒரு யூனிட்டில் பகல் வேலை. வார்டனம்மா வெள்ளகோவிலுக்கே போய்விட்டதாகக் கேள்வி. இன்றைக்கும் யாராவது வெளியே தாழ்ப்பாளைத் தொட்டால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவைப்பேன்.

போன வாரம் அக்கா தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். அவளும் பிளஸ் டூ முடித்துவிட்டாள். “ஒரு நல்ல ஹாஸ்டலாப் பாத்துச் சேத்து விடு, பாதுகாப்பா இருக்கணும்” என்றாள் அக்கா. அதற்குள் பிள்ளை என் பெட்டியைக் குடைந்து பனியனை எடுத்திருந்தாள். அதன் உடம்பு அவளுக்குப் போதவில்லை. விளையாட்டாக ஒரு கையை மட்டும் உள்ளே நுழைத்துக்கொண்டு வந்தாள். “சித்தி, கை எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு பாருங்க.”

“கழட்டு” என்றேன். அவள் பயந்துபோய்க் கழற்றினாள்.

பனியனை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பிள்ளை என்னோடு இருக்கட்டும், இங்கிருந்தே வேலைக்குப் போகட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக, அவளுக்கென்று ஒரு வாசல் கதவுச் சாவி வெட்டி வாங்கிவந்தேன்.