ஒரு கிலோ அறுக்குளா

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் சில வருடம் கிடந்த பிறகு, என் காப்பை விற்றுக் கண்டக்குழிப் பாதையோரம் ஒரு துண்டுக் காணி வாங்கினோம். கல்வீடு கட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்.

ஆனால் அத்திவாரம் வெட்டப் பயம். எங்களைப் போல வந்த பக்கத்துக் காணிக்காரி போட்டு முடித்த பிறகுதான், அது பாதைக்கு ஒதுக்கிய இடத்துக்குள் நிற்கிறது என்று பிரதேச சபை சொன்னது. அழுதுகொண்டே உடைத்தாள். எங்கே கட்டலாம் என்று முதலே வந்து பார்த்துச் சொல்லச் சபையில் ஒரு உத்தியோகத்தர் இருந்தார். வசதியுள்ளவர்கள் தங்கள் வான் வண்டியை அனுப்பி அவரை அழைத்துப் போவார்கள். எங்களுக்கு "நாளைக்கு" என்பார். அந்த நாளை வரவே இல்லை. நானும் கட்டி உடைத்தால், விற்க எனக்கு இன்னொரு காப்பும் இல்லை.

அந்த ஆலோசனைக்குச் சபை கட்டணம் வைக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் திறந்து இரண்டு வார்த்தை சொல்வதற்கும் காசா? கூட்டம் நடந்த அன்று போய்ப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு என்று சட்டம் சொல்லாத கட்டணமாம், சபையே தீர்மானிக்கலாமாம். விடுவார்களா? பெற்றோல் விற்கிற விலைக்குத் தூரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும் என்றார் உறுப்பினர் ஒருவர். வீட்டின் சதுர அடியைப் பார்த்து என்றார் இன்னொருவர். உப்பளக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும், "பாவம், முகாம் சனத்துக்குச் சும்மா செய்வம்" என்றார்.

"இப்பவும் சும்மாதானே. ஆள் போறாரா?" என்று கேட்டார் சேர்மன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்க எவ்வளவு காசு கட்டியிருந்தா, ஆள் வரல்ல எண்டு இங்க வந்து சண்டை பிடிப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தார். என்ன மனிதர் அவர்!

"ஒரு கிலோ அறுக்குளா மீன் வாங்குற காசு" என்றேன். "கூட எண்டா கட்ட ஏலா. குறைய எண்டா, போனாப் போகட்டும் எண்டு இருந்துருவன்."

அதையே எழுதச் சொன்னார். வான் வைத்திருப்பவருக்கும் அதே காசுதான், பற்றுச்சீட்டுத் துண்டு வெட்டிய வரிசைப்படிதான் உத்தியோகத்தர் போக வேண்டும் என்றும் சேர்க்கச் சொன்னார். உப்பளக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாளே காசைக் கட்டினேன். குறித்த நாளில் ஆள் வரவில்லை. சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்களாம், அது பின்னால்தான் தெரிந்தது. நான் துண்டும் கையுமாகப் போய்ச் சபை வாசலில் போட்ட சத்தத்தில் வேலை செய்தவர்களெல்லாம் எழும்பி வந்தார்கள். கடைசியாக வந்த சேர்மனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டணம் சரியாத்தான் வச்சிருக்கம்" என்றார்.

அன்று பின்னேரமே தன் மோட்டார் சைக்கிளில் உத்தியோகத்தரை ஏற்றிக்கொண்டு எங்கள் காணிக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அத்திவாரத்துக்கு அடித்து வைத்திருந்த முளைகளும் பாதைக்குள்தான் நின்றன. உத்தியோகத்தர் அளந்து காட்ட, அவற்றைப் பிடுங்கி நன்றாகப் பின்னுக்கு அடித்தோம்.

புறப்படும்போது, "சேர்மன் நானா, பெரிய உதவி செஞ்சீங்க" என்றேன்.

"உதவியா? காசு கட்டினீங்கதானே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

அவர் போன பிறகு முளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஊர் விட்டு வந்த நாள் முதல் அரிசிக்கும் ஓலைக்கும் தண்ணீருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி என் வாய் அவ்வளவு களைத்திருந்தது.