ஜீப்பின் முன் சீட்டு

பத்து வயதில் எனக்கு ஒரே ஒரு எதிரி இருந்தான். அவன் என் அத்தை மகன். அவனுக்கும் பத்து வயதுதான். அத்தையும் மாமாவும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் இல்லை என்று அவனைப் போடியில் எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். வந்தவன் படித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? என் அப்பாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டான் என்பது என் கட்சி.

அப்பா ஏலக்காய் வியாபாரி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு காய்களை உள்ளங்கையில் உருட்டியே எது முதல் தரம் என்று சொல்லிவிடுவார். பம்பாயிலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துப் படித்து, வார்த்தைகளையும் அப்படித் தரம் பிரிக்கும் ஆசை அவருக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஏறக்குறைய ஒரே அர்த்தமுள்ள இரண்டு வார்த்தைகளைச் சொல்வார். வித்தியாசத்தை முதலில் சரியாகச் சொல்பவருக்கு மறுநாள் அத்தை இருக்கும் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் அவர் பக்கத்தில் இடம். பின்னால் முழுக்க அரிசி லோடு. ஒரு பிள்ளைக்குமேல் ஏற முடியாது.

ஐந்து வாரமாக அவனே போய்க்கொண்டிருந்தான். 'ஸீ' வேறு 'வாட்ச்' வேறு, 'ஹியர்' வேறு 'லிசன்' வேறு என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்வான். "மாப்ளே, நீதாண்டா பம்பாய்க்குக் கடுதாசி எழுதப்போற ஆளு" என்று அப்பா அவன் முதுகில் தட்டுவார். என் முதுகும் பக்கத்தில்தான் இருந்தது. அன்று ராத்திரிச் சோற்றில் அவனுக்கு விழும் அப்பளம்கூட என்னுடையதைவிடப் பெரிதாகத் தெரியும்.

அவன் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். ஒரு வியாழக்கிழமை அதை எடுத்து ஒளித்துக்கொண்டேன். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் கீழே தமிழில் அவனே ஒரு வாக்கியம் எழுதியிருந்தான். எல்லா வாக்கியத்திலும் அவன் அம்மாவே வந்தாள். இவனுக்கு வேறு உதாரணமே கிடைக்கவில்லையா என்று சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். அவன் பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடியதைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

சனிக்கிழமை அப்பா 'வெயிட்', 'எக்ஸ்பெக்ட்' என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் ஒப்பித்தேன்.

"பஸ்சு வர்ற வரைக்கும் அம்மா நிக்கிறது வெயிட். ஞாயித்துக்கெழமை நான் வந்துருவேன்னு அம்மா நெனைச்சுக்கிட்டு இருக்கிறது எக்ஸ்பெக்ட்."

"அட, நம்ம ஆத்தாளா இது" என்றார் அப்பா.

அவன் என்னை ஒரு முறை பார்த்தான். அதற்குப் பிறகு பையில் நோட்டைத் தேடுவதையே விட்டுவிட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து மலை ஏறினேன். சத்தம் கேட்டு அத்தை ஈரக் கையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவன் வரலையாண்ணே?"

"இந்த வாரம் நான்தான் ஜெயிச்சேன் அத்தை" என்றேன். அப்பா லோடு இறக்கும் மும்முரத்தில் இருந்தார்.

"அப்படியா ஆத்தா, உள்ள வா" என்றாள் அத்தை. தட்டு நிறையக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். நான் ஒவ்வொன்றாகத் தின்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தாள். எந்த வார்த்தையில் ஜெயித்தேன் என்று கேட்பாள் என்றிருந்தேன். அவன் சரியாகச் சாப்பிடுகிறானா என்றுதான் கேட்டாள்.

கிளம்பும்போது மிச்சப் பணியாரத்தைத் துணியில் முடிந்து, "அவன்கிட்டக் குடுத்துரு ஆத்தா" என்று என் மடியில் வைத்தாள். ஜீப்பு இறங்கத் தொடங்கிய பிறகும் வீட்டுக்குள் போகாமல் பாதை ஓரத்திலேயே நின்றாள். ஜெயித்து வந்தவளை வழியனுப்ப நிற்கிறாள் என்று எண்ணி, முதல் வளைவு திரும்பும்வரை நான் அவளுக்குக் கையாட்டிக்கொண்டே போனேன்.