வலது கையுறையில் ஒரு முடி

ரிம்மாவின் இடுப்புக்கும் பிப்ரவரி மாதக் குளிருக்கும் என்றைக்குமே ஆகாது. ஆனால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள் அவள் இல்லை. விண்கலத்தை விட்டு வெளியே போய் வேலை பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடைகளை எங்கள் ஆலையில் பூட்டிச் சோதிக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். குல்லாய்க்கு வெளியே ஒரு மயிரிழை தெரிந்தால் போதும், வந்த வழியே அனுப்பிவிடுவாள். சென்ட் பூசிக்கொண்டு வந்த துணை இயக்குநரையே ஒருமுறை வாசலோடு நிறுத்தியவள்.

அவள் கோபம் பெரும்பாலும் ஸகார் தலையில்தான் விடியும். ஸகார் அவளோடு சேர்ந்து உடை பூட்டுகிறவன். தனிக்கட்டை. வீட்டில் மார்கீஸ் என்று ஒரு செம்பட்டைப் பூனை வளர்க்கிறான். அதுதான் அவன் செய்த குற்றம். காலையில் கூடத்து வாசலில் பசைத்தாள் சுற்றிய உருளையை எடுத்து அவன் முதுகில் அவளே உருட்டுவாள்.

"பூனையை வீட்ல விட்டுட்டு வந்தியா, இல்ல பாதியைச் சட்டையிலயே கூட்டிட்டு வந்துட்டியா?"

ஸகார் சிரித்தபடி திரும்பி நிற்பான்.

அந்த வருஷம் உடையோடு ஏவுதளத்துக்குப் போக ஒரே ஒருவருக்கு இடம் இருந்தது. ரிம்மாவுக்குக் கிடைத்தது. இத்தனை உடைகளை மேலே அனுப்பியவள், ஒரு ராக்கெட் கிளம்புவதைக் கண்ணால் பார்த்ததில்லை. கறிக்கடைக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. பெட்டியும் கட்டியாகிவிட்டது.

அனுப்புவதற்கு முந்தின நாள் கடைசிச் சோதனை. உடைக்குள் காற்றை ஏற்றி அடைத்துவிட்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நேற்றுவரை அசையாமல் நின்ற முள் இன்று மெல்ல இறங்கியது. அனுமதித்த அளவுக்குள்தான் கசிவு. ஆனாலும் கூடத்தின் தலைவர் யெஃபிம் ல்வோவிச், காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார்கள். வலது கையுறையைக் கழற்றி மாற்றுக் கையுறையைப் பூட்டியதும் முள் நின்றுவிட்டது.

காலையில் அந்தக் கையுறையைத் தொட்டவர்கள் ரிம்மாவும் ஸகாரும்தான். எல்லோர் பார்வையும் ஸகார் பக்கம் போனது. யாரும் வாயைத் திறக்கும் முன்பே ரிம்மா திறந்துவிட்டாள்.

"பூனை முடிதான். வேற என்னவா இருக்கும்?"

இனி இந்தக் கூடத்தில் உனக்கு வேலை இல்லை, வேறு பிரிவுக்குப் போய்விடு என்று யெஃபிம் அவனிடம் சொன்னார். ஸகார் குல்லாயைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

ரிம்மா கையுறையில் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தாள். முடி இருந்தது. ஆனால் செம்பட்டை இல்லை. சாம்பல் நிறத்தில், மெல்லிசாக, சுருள் சுருளாக இருந்தது. போன வாரம் கூடத்தைச் சூடாக வைத்திருக்கும் வெந்நீர்க் குழாய் வெடித்ததிலிருந்து கூடம் குளிர்ந்து கிடந்தது. அக்கா ஓரன்பர்கிலிருந்து அனுப்பிய ஆட்டுரோமச் சால்வையை வெள்ளை அங்கிக்குள்ளே இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் அவள் தினமும் வந்துகொண்டிருந்தாள். கம்பளி கூடாது என்ற சட்டத்தை வாசலில் எழுதி ஒட்டியவளும் அவளேதான்.

"கிடைச்சுதா?" என்று யெஃபிம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"கிடைச்சுது."

இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டால் தீர்ந்தது. என்ன நிறம் என்று யார் கேட்கப்போகிறார்கள்? வீட்டில் கட்டி வைத்த பெட்டி கண்முன் வந்து நின்றது. மடித்த குல்லாயோடு போன ஸகாரும் வந்து நின்றான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அங்கிப் பொத்தான்களைக் கழற்றி, சால்வையை உருவி மேஜைமேல் போட்டாள்.

"யெஃபிம் ல்வோவிச், இது என்னோட சால்வை முடி. ஸகாரைக் கூப்பிடுங்க."

யெஃபிம் சால்வையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டவில்லை. ஏவுதளத்துக்கு ஸகார் போகட்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வண்டி வாசலில் நின்றது. பயணம் கிளம்புமுன் சற்று உட்கார்ந்து எழுவது எங்கள் ஊர் வழக்கம், எல்லோரும் கிடைத்த பெட்டிகள் மேல் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்தார்கள். எழுந்ததும் ஸகார் அவளிடம் வந்து வீட்டுச் சாவியை நீட்டினான்.

"மார்கீஸுக்குச் சாப்பாடு வைக்கணும், ரிம்மா அர்காதியெவ்னா. கொஞ்சம் கோபக்காரன். உங்களுக்கு ஒத்துப்போகும்."

"குசும்பு உனக்கு," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ராக்கெட் கிளம்பியதை அவள் ஸகார் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். மடியில் சால்வை, சால்வைமேல் மார்கீஸ். போன் அடித்தது. எடுத்தால் பேச்சுக் குரல் இல்லை, காது அடைக்கிற இரைச்சல்தான். ஸகார் போனை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று. அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை கூடத்து வாசலில் உருளையை எடுத்து யெஃபிம் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"நல்லா அழுத்தி உருட்டுங்க. முழுக்கச் செம்பட்டை."