மேனேஜருக்கு மிக்சர் வாங்கிப் போன நாள்

1. திரும்பாத செக்

செக் திரும்பப் போகிறது என்று தெரிந்துகொண்டே ஒரு காலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கொடுமை. கணக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு அது ஒருநாள் வரும். எனக்கு வந்த நாளைப் பற்றித்தான் இது.

பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு பீரோ பட்டறையில் இருபத்தாறு வருஷம் கணக்கு பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். என் பெயர் கோமதி. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கல்யாண சீசனில் பீரோ பறக்கும். மற்ற மாதங்களில் எங்கள் ஓ.டி. கணக்குதான் பட்டறையை ஓட்டும். ஓ.டி. என்றால் நம் பணம் இல்லை. பத்து லட்சம் வரை எடுத்துக்கொள் என்று பேங்க் விட்டிருக்கும். எடுப்போம், பீரோ வாங்கிய பார்ட்டி பணம் வந்தால் உள்ளே போடுவோம். எங்கள் கணக்கு வருஷத்தில் பாதி நாள் அந்தப் பத்து லட்சத்தின் விளிம்பிலேயே நிற்கும்.

பீரோவுக்கு இரும்புத் தகடு கொடுப்பவருக்குப் பின்தேதி போட்டு ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துக்குச் செக் கொடுத்திருந்தோம். தேதி வந்துவிட்டது, கணக்கில் பணம் இல்லை. இந்த வியாபாரத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. போன் போட்டு, “ரெண்டு நாள் செக்கைப் போடாதீங்க” என்று கெஞ்சுவது. நானும் கெஞ்சினேன். “அடடா, எங்க பையன் நேத்தே பேங்க் பெட்டியில போட்டுட்டானேம்மா” என்றார் தகட்டுக்காரர். செக் திரும்பினால் அவர் தகடு தரமாட்டார். தகடு இல்லையென்றால் பட்டறையில் பதினோரு பேருக்கு வேலை இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் தகட்டுக்காரரே கூப்பிட்டார்.

“செக்கு பாஸாயிட்டு கோமதி. இதுக்கா காலையில அந்த அழுக அழுத?”

அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பீரோ கதவுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். பெயின்ட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டார்.

“பேங்க் மேனேஜருதான் பெரிய மனசு பண்ணி டி.ஓ.டி. போட்டு விட்டிருக்காரு. அன்னைக்கே சொன்னேம்லா, நல்ல மனுசன்னு!”

டி.ஓ.டி. என்பது அந்தப் பத்து லட்சம் லிமிட்டுக்கு மேலே சில நாளுக்கு மேனேஜர் தன் பொறுப்பில் பணம் விடுவது. கேட்காமல் யாரும் போட மாட்டார்கள். எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நல்ல சேதி வந்த நேரத்தில் அதை யார் நோண்டிப் பார்க்கிறார்கள்!

“கைய வீசிக்கிட்டுப் போவாத. நன்றி சொல்லிட்டு வா” என்று இருநூறு ரூபாய் கொடுத்தார். அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு பேங்குக்குப் போனேன்.

2. மஞ்சள் கயிறு

மேனேஜர் போனில் இருந்தார். காத்திருக்கிற நேரத்தில் ஒரு ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கினேன். அதில், முந்தின நாள் மாலை ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் வரவு. அதனால்தான் செக் பாஸாகியிருக்கிறது. டி.ஓ.டி.யும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேங்க் மெசேஜெல்லாம் அண்ணாச்சி போனுக்குப் போகும். அவர் அதைத் திறந்தே பார்க்க மாட்டார்.

எந்தப் பார்ட்டி போட்டது? ஆழ்வார்குறிச்சி கடைக்காரர்தான் எங்களுக்குப் பாக்கி. ஆனால் அவர் பேங்கில் போடுகிற ஆளே இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நகைக்கடன் கவுன்ட்டரில் ஒரு பெண்பிள்ளையின் குரல் உயர்ந்தது.

“தம்பி, நேத்து மூணு மணிக்கு நகைய வச்சேன். ரசீது இந்தா இருக்கு. கணக்குல துட்டு இல்லங்குதே மிசினு!”

“ஏறிட்டும்மா. கம்ப்யூட்டர்ல ஏறிட்டுன்னுதான் காட்டுது. செத்த நேரம் உக்காருங்க.”

“எவ்ளோ நேரம் உக்காரதுக்கு? காலையிலருந்து இங்கனதான் கெடக்கேன்.”

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் பேச்சியம்மாள், இட்லி மாவு வியாபாரம். நான் கேட்காமலே சொன்னாள். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குக் காலைப் பலகாரம் செய்து கொடுக்கிற கான்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. நாலு மணிக்குள் டெபாசிட் கட்ட வேண்டும். கட்டவில்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“எவ்ளோம்மா?” என்றேன்.

“ஒண்ணு எம்பத்தஞ்சு அக்கா. உள்ளதெல்லாம் வச்சாச்சு.”

அப்போதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு. புதுக் கயிறு, அதன் மஞ்சள் கறை ரவிக்கை ஓரத்தில் ஒட்டியிருந்தது. தாலிக்கொடியையும் வைத்திருக்கிறாள்.

எங்கள் கணக்கில் ஏறியது இவள் பணம்தான் என்று நான் உடனே எழுந்து சொல்லிவிட்டதாக எழுதினால் அது பொய். ஸ்டேட்மென்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். சொன்னால் எங்கள் கணக்கு லிமிட்டைத் தாண்டி ஒன்றரை லட்சத்துக்குத் தொங்கும். அந்தப் பணத்துக்கு எங்கே போவோம்? இரண்டு நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு வெளியே வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கோமதி, நான் சொல்லுதத கேளு. நாம ஒண்ணும் திருடல. அவங்க தப்பு, அவங்களே கண்டுபிடிக்கட்டும். ஒரு வாரம் பைய இரு. ஆழ்வார்குறிச்சி துட்டு வந்துரும், உள்ள போட்டுருவோம்.”

“அவங்க ஒரு வாரம் தேடுவாங்க அண்ணாச்சி. இந்தப் பொம்பளைக்கு நாலு மணி வரைக்குந்தான் நேரம்.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“தாலிய வச்சிட்டு மஞ்சக் கயித்தோட உக்காந்திருக்கா.”

அந்தப் பக்கம் ஸ்ப்ரே கம்ப்ரஸரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“சொல்லித்தான் ஆவணுங்கியா?”

“நான் சொல்லத்தான் போறேன் அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாம சொல்லப்பிடாதுன்னுதான் கூப்பிட்டேன்.”

“பொறவு என்னத்துக்கு எங்கிட்ட கேக்க?” என்று போனை வைத்துவிட்டார்.

இன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன். நினைத்துக்கொண்டே உள்ளே போய் மேனேஜர் மேசையில் ஸ்டேட்மென்டை விரித்தேன்.

3. நம்பர் மாறிய கணக்கு

மேனேஜர் பேச்சியம்மாள் கணக்கையும் எங்கள் கணக்கையும் திறந்து பார்த்தார். அவள் கணக்கு முப்பத்தாறில் முடிகிறது, எங்களது அறுபத்து மூன்றில். அடித்தவர் மாற்றி அடித்திருக்கிறார், சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. கவுன்ட்டர் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

“உங்க கணக்குலருந்து இப்பவே எடுத்துப் போட்டுருதேன்” என்று மேனேஜர் கம்ப்யூட்டரில் தட்டினார். சிஸ்டம் விடவில்லை. லிமிட் தாண்டுகிறதாம்.

“நிஜமாவே டி.ஓ.டி. போட்டாத்தான் நடக்கும்மா. ஏழு நாளைக்கு என் பவர்ல போடலாம். ஒங்க மொதலாளி கையெழுத்துப் போட்டு லெட்டர் தரணும். வருவாரா?”

போனை வைத்த மனுஷனை எப்படி மறுபடி கூப்பிட? மணி இரண்டு. நான் கைப்பையை நோண்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சியே வந்தார். சட்டையெல்லாம் பச்சைப் பெயின்ட். கையில் லெட்டர் பேடும் சீலும்; லிமிட் தாண்டினால் பேங்க் லெட்டர் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

“என்னத்த எழுதணும்னு சொல்லு” என்றார் என்னிடம். பிறகு ஹாலைத் திரும்பிப் பார்த்து, “எது அந்தப் புள்ள?” என்று மெதுவாகக் கேட்டார். காட்டினேன். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாற்பதுக்குப் பேச்சியம்மாள் போனில் மெசேஜ் வந்தது. “ஏறிட்டு! ஏறிட்டு!” என்று கத்தினாள். யாரையும் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

“ஆமா, இது என்னம்மா பொட்டலம்?” என்றார் மேனேஜர்.

“மிக்சர் சார். நீங்க டி.ஓ.டி. போட்டதுக்கு.”

“இப்பத்தானம்மா போட்டேன்?”

“நாங்க கொஞ்சம் முன்னாலயே வாங்கிட்டு வந்துட்டோம் சார்.”

மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மிக்சரில் பாதியைக் கவுன்ட்டர் தம்பிதான் தின்றான். பாவம், காலையிலிருந்து அவனும் சாப்பிடவில்லை.

4. ஏழு நாள்

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி ஆழ்வார்குறிச்சிக்குப் போய்க் கடைக்காரர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதுவரை பாக்கி கேட்கக் கூச்சப்பட்ட ஆள். நடந்ததை அப்படியே சொன்னாராம். கடைக்காரர் கொஞ்சம் கொடுத்தார். முடிந்து நின்ற மூன்று பீரோவை அடக்க விலைக்குத் தள்ளினோம். ஆறாம் நாள் கணக்கு லிமிட்டுக்குள் வந்தது. அந்த மாதச் சம்பளம் பதினோராம் தேதிதான். வெல்டர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இதில் நான் கற்றது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எதிர்பாராத பணம் ஏறினால், சாமி கொடுத்தது, மேனேஜர் கொடுத்தது என்று குதிக்காதீர்கள். அன்றைக்கே ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள். அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். பேங்குக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். தப்பு பேங்குடையதுதான். ஆனால் அந்த நேரத்தில் எங்கேயோ ஒருத்தி ரசீதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு பேச்சியம்மாள் பட்டறைக்கு வந்தாள். கழுத்தில் தாலிக்கொடி மின்னியது. என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

“நகையெல்லாம் திருப்பியாச்சு. நல்ல லாக்கர் வச்ச பீரோவா ஒண்ணு வேணும்.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லாக்கருக்குத் தனியாக இரண்டாயிரம் வாங்குவது எங்கள் வழக்கம்.

“கோமதி, லாக்கருக்குத் துட்டு போடாத.”

“அது ஏன் அண்ணாச்சி?” என்றாள் அவள்.

“ஒங்க நகைக்கடன் துட்டு ஒரு நாள் பேங்க்ல எங்க கணக்குல தங்கிச்சில்லா? அதுக்கு வாடகை.”

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா! அந்த மிக்சர் பொட்டலத்தோட உக்காந்திருந்தது நீங்கதான?”

நான் தலையாட்டிக்கொண்டே பில் எழுதினேன். பீரோ ஒன்று. லாக்கர் ஒன்று, இலவசம்.