உம்மா ஏசியது ஆட்டை

நனைந்த கொக்கோக் கொட்டையின் வாடையை அறியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். புளித்த காடியும் பழைய சாக்கும் ஈரச் சுவரும் ஒன்றாய்க் கலந்த அந்த நெடி, வெயில் காய்ந்தால் தானாகவே மணமாக மாறிவிடும். வெயில் வராவிட்டாலோ வீட்டோடு தங்கி, தலையணை வரை ஏறி, ஆக்கிய சோற்றிலும் வீசத் தொடங்கிவிடும். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பாலத்துக்குச் சற்று மேலே, வாப்பாவின் கொக்கோக் 'கிட்டங்கி'யை ஒட்டியிருந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். நான் சொல்லப்போகும் அந்த மழைக்காலத்தில் கிட்டங்கி நிறையச் சாக்குகள் காயாமல் கிடந்தன, வீட்டுக்குள் நாங்களும் அப்படியே கிடந்தோம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 'பெரிய பிள்ளை'யாகிவிட்டபடியால் பள்ளிக்கூடமும் தெருவும் எனக்கு முடிந்துபோயிருந்தன. முன்கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. உலகம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஜன்னல் பலகையில் ஒரு வெடிப்பு இருந்ததால் எனக்குத் தெருவில் ஒரு விரற்கடை அளவு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த விரற்கடைக்காக நான் பிடித்த சண்டைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

சண்டை பிடிக்க வேறு யார், என் 'தாத்தா'தான். கைத்தடியோடு ஒரு கிழவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீடுகளில் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். தாத்தாவுக்குப் பதினேழு வயது. கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் சில வருஷம் இங்கிலீஷ் படித்துவிட்டு, அதன் பின் என்னைப்போலவே திரைக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். சாமான் சுற்றி வரும் இங்கிலீஷ்ப் பேப்பரைக்கூட நீவி வைத்துப் படிப்பாள். கண்டி டவுணில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாரின் மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் பிறகும் அவள் படிக்கலாம், டீச்சர் வேலைக்குப் போனாலும் தனக்குச் சம்மதம் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து தாத்தா நடப்பதே வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஒரு கதவு உண்டு என்பதையே அப்போதுதான் கண்டவள்போல் இருந்தாள்.

கல்யாணத்துக்கு அரிசி இடிக்கத் தொடங்கியிருந்த வேளையில் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவர் உஸ்தாத் கலீல். பலஸ்தீனில், ஹைஃபாவில், பள்ளிக்கூட ஆசிரியர். வாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது கப்பலில் பழக்கமானவர். இந்தியாவில் ஆசிரியர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுக் கொழும்பில் கப்பல் ஏறுமுன் எங்களைப் பார்க்க வந்திருந்தார். கூட வந்தவர் மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். "என் தோழர் இப்ராஹீம், என் ஊர்தான், இவரும் ஆசிரியர்" என்று உஸ்தாத் சொன்னதை வாப்பா அப்படியே உள்ளே வந்து சொன்னார். மறுநாளே கொழும்புப் பாதையில், கடுகண்ணாவைக் கணவாயில் மண் சரிந்து, ரயிலும் ரோட்டும் அடைபட்டுப் போயின. விருந்தாளிகளும் எங்களோடு அகப்பட்டுக்கொண்டார்கள்.

ஜெருசலேம் இருக்கும் நாட்டிலிருந்து வந்தவர் என்று உம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். "குத்ஸ் பூமியால வந்த மனுசன் எங்கட கூடத்துல படுத்தீக்கிறார், அல்லாஹ்ட பரக்கத்து" என்று சொல்லிச் சொல்லி, மல்லித் தண்ணியும் கஞ்சியுமாக வாப்பாவிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். தொழுகைக்கு இப்ராஹீம் எழும்பாததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, காய்ச்சல்காரர்தானே. ஒரு நாள் உஸ்தாத் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், கல்யாணப் பெண்ணுக்காக ஓதி ஊதித் தரச் சொல்லி உம்மா வாப்பாவிடம் கொடுத்து இப்ராஹீமுக்கு ஒரு கிளாஸ் தண்ணி அனுப்பினார். வாப்பாவின் இங்கிலீஷ் கொக்கோ விலை பேசத்தான் காணும். ஓதுவது, ஊதுவதற்கெல்லாம் போதாது. மனிதர் தமக்குக் குடிக்கத் தந்ததாக நினைத்து, வாய்க்குள் அரபி மாதிரி ஏதோ ஓதி, பாதியைக் குடித்துவிட்டு, நன்றியோடு மீதியைத் திருப்பித் தந்தார். பெரியவர்கள் குடித்த மிச்சம் அதைவிட விசேஷம் என்று உம்மா அதைத் தாத்தாவைக் குடிக்க வைத்தார்.

இனி உம்மாவின் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். உம்மாவிடம் கெட்ட வார்த்தை கிடையாது. கோபம் வந்தால் ஒரே ஒரு ஏச்சுத்தான்: 'யஹூதி.' பால் குடிக்கிற பூனை யஹூதி, கூரையில் கத்துகிற காகம் யஹூதி, பற்றாத ஈர விறகும் யஹூதிதான். அந்தச் சொல்லுக்குரிய யூதர் என்று ஒரு சாதி மனிதர் எங்கோ நடமாடுகிறார்கள் என்பது அவருக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது. எங்கள் தெருவில் பல வீடுகளில் புழங்கிய சொல் அது. உப்பு, புளி மாதிரி.

இப்ராஹீம் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த முதல் நாள் பகல். மழைக்காகப் பின்விறாந்தையில் கட்டியிருந்த கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கல்யாணப் பலகாரத்துக்கு ஊற வைத்து வடித்திருந்த அரிசியில் வாயை வைத்துவிட்டது. உம்மா அகப்பையோடு ஓடிவந்து, ஊர் கேட்கக் கத்தினார்: "யஹூதி! தின்ட போதும்! போ வெளியே! போ!" கிடாய் அசையவில்லை. உம்மா இன்னும் உரக்க அதையே சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வெடிப்பில் கண்ணை வைத்தவள் நான். கொட்டுகிற மழையில், குடையில்லாமல், கையில் பெட்டியோடு இப்ராஹீம் பாலத்துப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் சத்தம் போட, வாப்பா கிட்டங்கியிலிருந்து செருப்புமில்லாமல் குடையோடு ஓடினார். பாலத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடைத் தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தாராம். ஏன் புறப்பட்டீர்கள் என்று கேட்டதற்கு, அந்த அம்மா போகச் சொன்னார், அதனால் போகிறேன் என்றாராம். அது ஆட்டை ஏசியது என்று வாப்பா தமக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டிச் சொல்ல, மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யஹூதி என்றுதானே சொன்னார்? நான் யஹூதிதான்" என்றாராம். அந்தச் சொல் அவர்கள் ஊரிலும் அதே சொல்தான். எங்கள் வீட்டுத் தமிழில் அவருக்கு விளங்கக்கூடிய ஒரே ஒரு சொல்லை உம்மா தேடிப்பிடித்து ஏச்சாக வைத்திருந்தார்.

வாப்பா அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். ஆனால் தேத்தண்ணிக் கடை நிறைய ஆட்கள். சற்று நேரத்துக்குள் கட்டுகஸ்தோட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. உம்மா குசினி நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் ஆட்டத்தானே ஏசின?" என்று ஒரு தரம், "புள்ள அந்தத் தண்ணியக் குடிச்சிட்டாளே" என்று ஒரு தரம், மாறி மாறி அழுதார். தாத்தாவுக்கு அழுகை வரவில்லை. "அவர் ஒன்டையும் மறைக்கல்ல உம்மா, நாங்கதான் கேக்கல்ல" என்றாள்.

அந்த நாட்களில், வெள்ளைக்காரர் ஆண்ட பலஸ்தீனில் நடந்த கலகச் செய்தி பேப்பரில் வராத நாளில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார், தாத்தாவின் வருங்கால மாமனார், டவுணிலிருந்து நனைந்துகொண்டே வந்து இறங்கினார். அவரை ஒரு முரடராக நீங்கள் நினைக்கக் கூடாது. எனக்கு மிட்டாய் கொண்டுவராமல் ஒரு நாளும் வராத மனிதர். ஆனால் அன்று கதிரையில் உட்காரவே இல்லை.

"அங்க எங்கட ஆக்கள் சாகிறாங்க, இங்க நீங்க அவங்கள்ல ஒருத்தர வெச்சிச் சோறு போடுறீங்க. டவுண்ல நான் என்ட முகத்த எங்க வெக்கிற? அவர ஒரு ஹோட்டலுக்கு அனுப்புங்கோ. இல்லாட்டிக் கல்யாணப் பேச்ச இதோட விட்டுருவோம்" என்றார்.

"பாதை தொறக்கட்டும், ஹாஜியார். மழையில வந்த மனுசன எப்பிடிப் போகச் சொல்லுற?" என்றார் வாப்பா. வாப்பாவின் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

உஸ்தாத் கலீல் நடுவே புகுந்து இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். ஹாஜியாருக்கும் கடை இங்கிலீஷ் விளங்கும். திரைக்கு இந்தப் பக்கம் தாத்தா எனக்கும் உம்மாவுக்கும் காதோடு சொல்லிக்கொண்டு வந்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஹைஃபாவில் ஒரு கடை மாடியில் இரவுப் பள்ளி நடத்துகிறார்களாம். யூதர்களுக்கு உஸ்தாத் அரபி சொல்லிக்கொடுக்க, அரபிகளுக்கு இப்ராஹீம் ஹீப்ரு சொல்லிக்கொடுப்பாராம். ஒரே ஊரில் சாகும்வரை இருக்கப் போகிறவர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கட்டும் என்பதுதான் எண்ணம். "இவரோடு நடக்கிறேன் என்று என் தம்பி எனக்கு ஸலாம் சொல்வதில்லை. என்னோடு நடக்கிறார் என்று இவர் வீட்டு ஜன்னலுக்கு இவருடைய ஆட்களே கல்லெறிந்தார்கள். எங்களுக்கு அங்கேயும் இடமில்லை. இவரைப் போகச் சொன்னால் நானும் போவேன், அதைவிட வேறு பேச்சு எனக்குத் தெரியாது" என்றார். ஹாஜியார் வாசலைப் பார்த்தார், ஆனால் போகவில்லை. மழை விடாமல் பெய்தது.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் விருந்தென்றால் தனித்தனிப் பீங்கான் கிடையாது. 'சஹன்' என்ற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, கறிகளை மேலே வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவார்கள். உம்மா ஒரு சஹனையும், இப்ராஹீமுக்கென்று தனியாக ஒரு பீங்கானையும் எடுத்து வைத்தார். தாத்தா அந்தப் பீங்கானை எடுத்து அலுமாரிக்குள் வைத்து மூடினாள். திரைக்கடியால் சஹன் மட்டும் கூடத்துக்குப் போனது.

நான் திரை ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா உட்கார்ந்தார், உஸ்தாத் உட்கார்ந்தார், இப்ராஹீமும் உட்கார்ந்தார். ஹாஜியார் நின்றபடி சோற்றைப் பார்த்தார். இப்ராஹீமுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தமக்குப் பசியில்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு எழும்பினார். உஸ்தாத் கூடவே எழும்பினார். வாப்பா நீட்டிய கையைச் சோற்றில் வைக்கவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல் அப்படியே இருந்தார். சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது, நான்கு ஆண்களில் ஒருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது என் பக்கத்தில் நின்ற தாத்தா, கூடம் முழுக்கக் கேட்கும்படி, இங்கிலீஷில் சொன்னாள்: "ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். இந்த வீட்டில் யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிடுங்கள்."

கல்யாணப் பெண்ணின் குரல் மாமனார் காதில் விழக்கூடாத காலம் அது. உம்மா தாத்தாவின் வாயைப் பொத்தியபோது எல்லாம் சொல்லி முடிந்திருந்தது. ஹாஜியார் திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததென்று நான் சொல்லமாட்டேன். போக வழி கிடைத்த ஒரு ஆறுதல்தான் இருந்தது. "பொண்ட சத்தம் கூடத்துக்கு வந்துட்டே" என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்ராஹீம் தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார் என்று வாப்பா பின்னால் சொன்னார். பாதை திறந்ததும் இருவரும் போனார்கள். கல்யாணம் நின்றதற்குக் காரணம் யூதன் என்று ஹாஜியார் எங்கும் சொல்லவில்லை, அந்தளவுக்கு நல்ல மனிதர். பெண் அந்நிய ஆண்களோடு இங்கிலீஷ் பேசுகிறாள் என்று மட்டும்தான் சொன்னார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் தாத்தாவைக் கேட்டு வரவில்லை. பல வருஷம் கழித்து, பெண்சாதியை இழந்த ஒரு மாத்தளைக்காரருக்குக் கொடுத்தார்கள். பாவம், நல்ல மனிதர்தான். அந்த வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் கொக்கோ வாங்குவாரும் இல்லை, காயப்போடுவாரும் இல்லை. கிட்டங்கி இருந்த இடத்தில் இரும்புச் சாமான் கடை. என் பேத்திமார் கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களோடெல்லாம் சத்தமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகவும், தாத்தாவை நினைத்துக் கவலையாகவும் இருக்கும். அந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் என்ன நடந்ததென்று எங்களுக்கு ஒரு நாளும் தெரியவரவில்லை.

போன வருஷம் தாத்தா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ரேடியோவில் பலஸ்தீனில் நடக்கும் சண்டையைப் பற்றிச் சொன்னார்கள். தாத்தா கண்ணைத் திறந்து, "அவங்க ரெண்டு பேரும் இன்னம் ஒன்டாத்தான் ஈப்பாங்களா?" என்று கேட்டாள்.

"ஒன்டாத்தான் ஈப்பாங்க, தாத்தா" என்றேன்.

"பொய் சொல்லாத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.