நாலு விரல் நோய்

என் தம்பி கருணாகரன் எதையும் விரலில் ஏற்றி வைத்துக்கொள்வான். சிங்கப்பூரில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், லீவுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ முணுமுணுப்பான். "என்னடா, மந்திரமா?" என்று கேட்பேன். "மஞ்சக்காமாலையோட அறிகுறிங்கக்கா" என்பான். அப்புறம் எனக்குச் சோறு இறங்குமா?

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனைப் படிக்க வைத்தது என் வீட்டுக்காரர் மருதமுத்து. மலாக்கா ஆற்றோரக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். பேச்சு மிகக் குறைவு. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் "இருக்கேன்" என்பார், அதோடு சரி. சுரம் கொதிக்கும்போதும் அதே பதில்தான்.

ஜப்பான்காரன் வந்தான், கல்லூரி மூடியது. கடைசிப் பரீட்சை எழுதாமலே கருணா மலாக்காவுக்கு, காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தான். வந்த மறுநாள் கிணற்றடியில் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, வெறும் காதை அவர் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டான். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிச் சுரம் வந்ததா என்று விசாரித்தான். வந்திருந்தது.

"மாமா நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சுருங்கிப் போச்சுக்கா. இனிமே மூட்டை தூக்கக் கூடாது" என்றான். எந்த மூட்டையில் அவன் படித்தான் என்பது அவனுக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில், ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு ஜப்பான் டாக்டருக்கு எடுபிடியாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் கருணாவுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள், போனால் உயிர் மிஞ்சாது என்று பேர். பட்டியலில் பேர் வந்தவர்களைத் திடலுக்கு வரச் சொல்லி அந்த டாக்டர் பரிசோதிப்பான். நெஞ்சு நோய்க்காரனைத் திருப்பி அனுப்பிவிடுவான், வழியில் செத்தால் இடைஞ்சல் என்று. கூட்டம் அதிகமென்பதால் நாடியைப் பிடிப்பான், என்ன செய்கிறது என்று கேட்பான். நெஞ்சில் குழாய் வைப்பது அவனுக்குத் தோன்றினால்தான்.

அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் கருணாவைத் தேடி வந்தார்கள். அவன் அவர்களுக்கு ஒரு நோயைக் கற்றுக்கொடுத்தான். புத்தகத்து நோய் இல்லை. எங்கள் வீட்டு பெஞ்சில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரருடைய நோய். சுண்டுவிரலைத் தொட்டால், படியேறினால் மூச்சு வாங்குகிறது. மோதிர விரலுக்கு, மல்லாந்து படுக்க முடியவில்லை. நடுவிரலுக்கு, இருமினால் சளியில் ரத்தக் கோடு. ஆள்காட்டி விரலுக்கு, பொழுது சாய்ந்தால் கால் வீக்கம். போகும்போது நாடி வேகமாக ஓடுவதற்குப் புகையிலையை மென்றுகொண்டு போக வேண்டும். பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர்கள் பூர்வீகத்தில் தமிழர்தான், ஆனால் தமிழ் வராது, அவர்களுக்கு மலாயில் சொல்லிக் கொடுத்தான். விரல் எல்லாருக்கும் ஒன்றுதானே.

திடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துக் கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் பட்டம் எதற்கு, என் தம்பி அதற்கு முன்னாலேயே உயிர் காக்கிறான் என்று சொல்லித் திரிந்தேன்.

"என் வியாதிய ஊருக்கே பங்கு போட்டுட்டானே" என்று அவர் மட்டும் பெஞ்சில் சாய்ந்தபடி சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு அவர் பேரே வந்தது. நான் பயப்படவில்லை. பொய் சொன்னவனெல்லாம் தப்பித்தபோது, நிஜமாக நோய் இருக்கிறவருக்கு என்ன வந்தது? கருணாதான் பயந்தான்.

"மாமா அங்க போயி 'இருக்கேன்'னு சொல்லிட்டு நிப்பாருக்கா" என்றான். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உங்களுக்கு என்ன செய்யுது, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டான்.

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். "ரெண்டாவது வாளி எறைக்கையில, நெஞ்சும் வாளியோட கெணத்துக்குள்ள போயிடுது. அப்புறம் அத மேல இழுக்கணும். அதுக்குத்தான் நேரமாவுது."

"அதெல்லாம் அவனுக்குப் புரியாது மாமா. வெரலப் புடிச்சு வரிசையாச் சொல்லுங்க. ஒண்ணும் விட்டுடாதீங்க."

அவர் பள்ளிக்கூடம் போகாதவர். அன்று முழுக்கப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி விரலைத் தொட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திடலைச் சுற்றிக் கம்பி வேலி. வெளியே நாங்கள் பெண்கள் நின்றோம். கருணா டாக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான். அங்கே பேசியது அவன் அப்புறம் சொன்னது. நடந்தது நான் கண்ணால் பார்த்தது.

அவருக்கு முன்னால் போன இரண்டு இளவட்டங்கள் கையைத் தொடையோடு ஒட்டி, விரலை மறைத்து வைத்துக்கொண்டு ஒப்பித்தார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. தப்பு வந்துவிடக் கூடாதென்று கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்தார்.

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். நாடி பார்க்க இல்லை. அவருடைய கட்டைவிரலைத் தானே பிடித்து ஒவ்வொரு விரலாக நகர்த்தினான். முன்னால் போன இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னான். அவர்களுடைய கட்டைவிரலும் அதே வரிசையில் நகர்ந்தது.

"இவருக்கு நிஜமாகவே இருக்கிறது, குழாயை வைத்துப் பாருங்கள்" என்று கருணா கெஞ்சினான்.

"முன்னால் போனவர்களுக்கும் இதைத்தான் சொன்னாய்" என்று டாக்டர் அவனை அறைந்தான். குழாய் அந்த டாக்டர் கழுத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நிமிஷம் அதை எடுத்து வைத்திருந்தால் போதும். என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தான், நெஞ்சைப் பார்க்கவில்லை.

மூன்று பேரையும் லாரியில் ஏற்றும்போது நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கன்னம் சிவந்து நின்ற கருணாவைத்தான் பார்த்தார்.

"சரியாத்தானே சொன்னேன், கருணா?" என்றார்.

அவன் தலையாட்டினான். லாரி போய்விட்டது. சயாம் எல்லைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, ரயில் பெட்டியில் உட்கார்ந்தபடியே அவர் செத்துப் போனார் என்று, சண்டை ஓய்ந்து திரும்பி வந்த ஒருவர் சொன்னார்.

கருணா பிறகு பரீட்சை எழுதி டாக்டரானான். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அவனிடம் படிப்பது கஷ்டம் என்று பேர். முதலில் குழாய், பிறகுதான் கேள்வி என்பான். நோயாளி கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னாலும் குறுக்கே பேசக்கூடாது, அவன் வாளி கிணறு என்று சொன்னால் வாளி கிணறு என்றே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பான். எந்தப் பிள்ளையாவது விரல்விட்டு நோய்க்குறி சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவான். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அவன்மேல் கோபம் இருக்கிறதா? இருக்கிறது. பிள்ளை மாதிரி வளர்த்தவன்மேல் வருகிற கோபம், அது போகாது. அவன் நல்லதைத்தான் நினைத்தான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவனுக்குச் சோறு போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவான். "எப்படிக்கா இருக்கே?" என்பான்.

"இருக்கேன்" என்பேன்.

உடனே குழாயை எடுத்து என் நெஞ்சில் வைத்துவிடுவான். எனக்கு ஒரு நோயும் இல்லை. அவன் எடுக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.