தங்கத்தாயின் கையில் இருந்த மருந்து

நீங்கள் தீபாவளிக்குக் கொளுத்திய பூச்சட்டியை அடைத்த கை எப்படி இருக்கும் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

சிவகாசிப் பக்கத்து ஏழாயிரம்பண்ணைத் தங்கத்தாயின் கை ஈயம் பூசிய பாத்திரம்போல மினுங்கும். பத்தொன்பது வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவள். அலுமினியத் தூள் ரேகைக்குள் ஏறி அங்கேயே குடியிருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வேலை விட்டு வந்து எலுமிச்சை, சீயக்காய், துணிசோப்பு என்று போட்டுத் தேய்த்தாள். தோல்தான் எரிந்தது. மினுக்கம் போகவில்லை.

மகள் ஆர்த்தி தோஹாவில் நர்ஸ். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்ததால், இவள் விமானம் ஏறுகிற நாளுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். மருமகனுக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தான். "நீ வந்து கையப் புடிச்சாத்தாம்மா உள்ள போவேன்" என்று போனில் அழுதாள் ஆர்த்தி. மதுரையிலிருந்து கொழும்பு, அங்கே இரண்டு மணி நேரத்தில் வேறு விமானம். அதைத் தவறவிட்டால் ஆர்த்தி தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சுப்புலட்சுமி வந்து மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். "ஏர்போர்ட்டுல வெடி, பட்டாசுன்னு வாயத் தொறந்துறாத. புடிச்சு உள்ள போட்ருவாக."

கயிறு கட்டத்தான் ஆள் இருந்தது. கையுறை வாங்கிக் கொடுக்கப் பத்தொன்பது வருடத்தில் ஒரு ஆள் இல்லை.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஹாஃபிஸா. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண், தோஹாவில் அண்ணன் வீட்டுக்குப் போகிறவள். தங்கத்தாய் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அவளே மாட்டிவிட்டாள்.

"பயமா இருக்காக்கா?"

"வயித்துக்குள்ள தரைச்சக்கரம் சுத்துது தாயி."

"ஐயோ, மெல்லப் பேசுங்க! விமானத்தத் திருப்பிறப் போறாக."

தங்கத்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மினுங்கும் கையைப் பார்த்தே பட்டாசு வேலை என்று புரிந்துகொண்டு ஹாஃபிஸா சிரித்தாள். தங்கத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

கொழும்பில் ஒரு பெண் அதிகாரி சின்னத் துணித்துண்டால் அவள் உள்ளங்கையைத் துடைத்து, வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு துண்டு, மறுபடியும் சிவப்பு. இரண்டு பேர் வந்து அவளைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனார்கள். பையைக் கொட்டினார்கள். கருப்பட்டியும் பிள்ளைக்குத் தைத்த வெள்ளைச் சட்டைகளும் மேசையில் பரந்தன. தங்கத்தாய் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்: ஒரு மணி நேரம் போயிருந்தது.

அதிகாரிக்குச் சிங்களம், இவளுக்குத் தமிழ். வெளியே தரை பெருக்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவரைக் கூப்பிட்டார்கள்.

"பயப்படாதேங்கோ அம்மா. கையில என்ன பூசியிருக்கிறியள்?"

சொல்லக்கூடாத வார்த்தை தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். "மருந்து."

அவர் நிம்மதியாக மொழிபெயர்த்தார். அதிகாரி அடுத்ததைக் கேட்டாள்.

"எந்த டொக்டர் தந்தவர்?"

"டாக்டர் இல்லீக. போர்மேன் குடுப்பாரு."

"எவ்வளவு பாவிப்பியள்?"

"சீசன்ல ஒரு நாளைக்கு ஏழெட்டு கிலோ ஓடும்."

பெரியவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "கிலோவோ? அதை என்னம்மா செய்யிறியள்?"

"சட்டிக்குள்ள போட்டு அடைச்சு மூடிருவோம்."

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் நின்றார். அதிகாரியின் கை தொலைபேசிக்குப் போனது. அதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு ஹாஃபிஸா உள்ளே வந்தாள். அவளுக்கும் அதே தோஹா விமானம்தான், போயிருக்கலாம், போகவில்லை.

"அக்கா, சொல்லிருங்க. மறைச்சாத்தான் ஆபத்து. பட்டாசுன்னு சொல்லிருங்க!"

"சொன்னா உள்ள போட்ருவாக தாயி..."

"சொல்லாட்டித்தான் போடுவாக."

தங்கத்தாய் கண்ணை மூடினாள். "பட்டாசு. வெடிமருந்து. நான் சிவகாசிப் பக்கம்" என்றாள். சொல்லிவிட்டு கன்னத்தில் அறை விழக் காத்திருப்பவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாரும் அடிக்கவில்லை. பெரியவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அந்த மருந்தோ! எங்கட ஆக்கள் மருந்தெண்டால் குடிக்கிறதெல்லோ." ஹாஃபிஸா ஆங்கிலத்தில் அதிகாரிக்கு விளக்கினாள். சாட்சிக்கு, வேலை செய்யும் படம் கேட்டாள் அதிகாரி. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; படம் ஏது? போர்மேன் மணிமுத்துவைப் போனில் பிடித்தார்கள்.

"ஆமாங்க, நம்ம ஆளுதாங்க."

கையுறை போடுவதில்லையா என்று அதிகாரி கேட்கச் சொன்னாள்.

"அதப் போட்டா வேல ஓடாதுங்க. யாரும் கேக்கவும் மாட்டாகங்க."

பெரியவர் அதை மொழிபெயர்த்தார். அதிகாரி உடம்பையும் பையையும் இன்னொரு முறை சோதித்து, கம்பெனியின் பெயரை எழுதிக்கொண்டு, சட்டைகளைத் தானே மடித்து வைத்தாள். ஹாஃபிஸா தங்கத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவர்கள் ஏறியதும் விமானத்தின் கதவு மூடியது.

மறுநாள் காலை ஆபரேஷனுக்குள் போகும்வரை ஆர்த்தி அம்மாவின் கையை விடவில்லை. மதியம் பெண் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். தங்கத்தாய் கைகளை முந்தானைக்குள் ஒளித்தாள். கொழும்பு இயந்திரத்தின் சிவப்பு விளக்கு கண்ணுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்தது.

"வாங்கும்மா" என்றாள் ஆர்த்தி.

"வேண்டாம்டி. இந்தக் கையோடயா?"

பக்கத்தில் நின்ற நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஒளித்த கையைப் பிடித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை உருவி நீட்டினாள். பத்தொன்பது வருடத்தில் தங்கத்தாய்க்குக் கிடைத்த முதல் கையுறை. எந்த விரல் எதில் போகும் என்று தெரியாமல் தடுமாறினாள். மாட்டி முடித்து, பேத்தியை வாங்கினாள். 

"யாரும் கேக்க மாட்டாக" என்றானே மணிமுத்து, அது உங்களையும் என்னையும் சொன்னதுதான். நீங்கள் வாங்கும் பட்டாசுப் பெட்டியின் மேல் கம்பெனியின் பெயரும் விலாசமும் அச்சடித்திருக்கும். கொளுத்துவதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; மருந்து அடைக்கிறவர்களுக்குக் கையுறை கொடுத்தீர்களா என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.